ஜார் வீட்டுப் பெண்

எனக்குப் பொறாமை அதிகம். இதை இப்போது சொல்ல வெட்கம் இல்லை, அப்போது இருந்தது. அதனால் அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தேன். "அவளுக்குத் தலைக்கனம்" என்பேன். "டீச்சர் ஆளைப் பார்த்து மார்க் போடறாங்க" என்பேன். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. உண்மை அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்டது. திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த அரசுப் பள்ளியில் வரலாற்றுப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. சொந்தக்காரர்கள் "ஹிஸ்டரியா?" என்று கேட்டுவிட்டு, துக்கம் விசாரிக்க வந்த முகத்தோடு அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார்கள். அந்த வீம்பில் நானும் ஒரு முடிவு எடுத்தேன். வரலாறுதான் என்று ஆகிவிட்டது, அதிலாவது என்னை மிஞ்ச ஆள் இருக்கக் கூடாது. பதினொன்றாம் வகுப்பில் அப்படியே நடந்தது. சோழர்களையும் நாயக்கர்களையும் மனப்பாடம் செய்தேன், முதல் மார்க் வாங்கினேன். அவள் இரண்டாவது. அவளை அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவளுடைய அம்மா எங்கள் யூனிட்டில்தான் வேலை பார்த்தார். எங்களுடையது பெரிய கம்பெனி இல்லை. ஏற்றுமதி செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கிற சின்ன இடம். கீழே மெஷின்கள், மேலே வீடு. அவளுடைய அம்மா செக்கிங் மேஜையில் நின்று, தைத்து வந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிழை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த அம்மாவின் கண்ணுக்கு ஒரு தையல்கூடத் தப்பாது. மகளும் அப்படித்தான் இருந்தாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் புரட்சிகள் வந்தன. பிரான்சு, ரஷ்யா, பிறகு சர்வாதிகாரிகள், இரண்டு உலகப் போர்கள். அவள் வாயைத் திறந்தாள், என் முதலிடம் போயிற்று.

ரஷ்யப் புரட்சி நடத்திய அன்று டீச்சர் கேட்டார்: "ரொட்டி வேணும்னு மொதல்ல வீதிக்கு வந்தது யாரு?" நான் எழுந்து, "நெசவாலைப் பெண் தொழிலாளர்கள்" என்று புத்தகத்தில் இருந்தபடி சொன்னேன். டீச்சர் தலையாட்டினார். என்னைத் தொடர்ந்து அவள் எழுந்தாள்.

"டீச்சர், அன்னைக்குக் காலையில வேலைக்குப் போகும்போது, இன்னைக்கு நாம புரட்சி பண்ணப் போறோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அதுவரை அவர் யாருக்காகவும் சாக்பீஸைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"எதுக்குக் கேக்கேன்னா, எங்கம்மா கம்பெனியில ஒரு நாளு குடிக்கத் தண்ணி கேன் வரல. ஒரு அக்கா மெஷினை நிறுத்திட்டு எந்திரிச்சா. பாத்துக்கிட்டே இருக்கும்போது அந்த லைனே எந்திரிச்சிட்டு. யாரும் பேசி வச்சு எந்திரிக்கல, டீச்சர். அப்படித்தான் நடந்திருக்குமோன்னு தோணிச்சு."

டீச்சர் அதை வைத்து அந்த பீரியட் முழுவதும் பேசினார். அவருடைய முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சொன்ன கம்பெனி எங்கள் கம்பெனி. அன்றைக்கு ஸ்கூட்டரில் முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தது என் அப்பா. அந்தப் பகுதியை அவள் சொல்லவே இல்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்ப ஜார் மன்னரு யாருங்க டீச்சர்?" என்று கேட்க, வகுப்பே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து நான் ஜார் வீட்டுப் பெண்.

எங்கள் அப்பா விடிவதற்கு முன்னால் எழுந்து தரையில் கிடக்கிற நூல் குப்பையைத் தானே கூட்டுவார். ஆள் வராத நாளில் தானே அயர்ன் பாக்ஸைப் பிடிப்பார். எந்த ஜார் அப்படிச் செய்தான்? இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாடப் புத்தகத்தில் அவளுக்கு எல்லா அத்தியாயத்திலும் ஆள் இருந்தது. ரொட்டி வரிசையில் நின்றவர்கள், ஆலைக்குப் போனவர்கள், சண்டைக்கு இழுத்துப் போகப்பட்டவர்கள், எல்லோரும் அவளுடைய உறவு மாதிரி. நான் என் ஆட்களைத் தேடினால், தலை வெட்டுகிற மேடைக்குப் பக்கத்தில்தான் அகப்பட்டார்கள். மார்க் போனது போகட்டும், சரித்திரமே அவள் பக்கம் போய்விட்டதே என்று எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாவட்டக் கண்காட்சி அறிவிப்பு வந்தது. பள்ளிக்கு ஒரு சார்ட். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கி இரண்டாம் உலகப் போர் முடிகிற வரை காலக்கோடு. எது நன்றாக இருக்கிறதோ அது போகும் என்று டீச்சர் சொன்னார். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு விரும்பியதில்லை.

அப்பாவிடம் சொல்லி, டவுனில் கிடைத்ததிலேயே நல்ல அட்டை வாங்கினேன். படங்களைக் கலரில் பிரிண்ட் எடுத்தேன். ஓரத்துக்கு லேஸ் தைத்தேன், எங்கள் வீட்டில் லேஸுக்கா பஞ்சம். தலைப்பில் ஜிகினா தூவினேன். கல்யாணப் பத்திரிகை போல ஜொலித்தது.

அவள் ஒரு காகிதச் சுருளோடு வந்தாள். பிரித்தாள், பிரித்துக்கொண்டே இருந்தாள். நான்கு பேர் பிடித்து ஒட்டினார்கள். மூன்று சுவர்களுக்கு வந்தது. வெறும் பேனா எழுத்து, ஒரு படம் கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குக் கீழேயும் அன்று ஒரு சாதாரண ஆளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வரி. பிரெஞ்சுப் புரட்சியில் சிறைக்கோட்டை விழுந்த நாளுக்குக் கீழே, 'ரொட்டிக் கடை வரிசையில் நின்றவளுக்கு இன்றும் ரொட்டி கிடைக்கவில்லை.' முதல் உலகப் போர் தொடங்கிய இடத்தில், 'கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை.' ஹிரோஷிமாவுக்குக் கீழே, 'பள்ளிப் பிள்ளைகளைக் காலையிலேயே தெரு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.' டீச்சர் சுவரோடு சுவராக நடந்து கடைசி வரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது போகட்டும்" என்றார்.

பிறகு என்னுடையதைப் பார்த்து, "இதுவும் அழகா இருக்குது கண்ணு" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் மாட்டச் சொன்னார். அந்த 'இதுவும்' எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். டீச்சர் வருவதற்கு முன்னால் நான் மட்டும் வகுப்பில் இருந்தேன். அவளுடைய காகிதத்தின் ஒரு மூலை பசை விட்டுச் சுருண்டு கிடந்தது. எடுத்து விரித்தேன். பின்பக்கம் முழுக்கக் கோடுகள். கையின் வளைவு, கழுத்து, முதுகு, எக்ஸ்எல் என்று அளவு, அதன் ஓரத்தில் மாடலைக் குறிக்கிற ஸ்டைல் நம்பர். திருப்பூரில் வளர்ந்தவளுக்கு அதைப் படிக்க யாரும் கற்றுத்தர வேண்டாம். அது மார்க்கர் பேப்பர். துணியை அடுக்கி வைத்து, மேலே இதை விரித்து, கோட்டின் மேல் கத்தியை ஓட்டுவார்கள். நம்பரைப் பார்த்தேன். எங்கள் யூனிட்டில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்தான் அது. அளவு தப்பாக அச்சாகி வந்த ஒரு சுருளைக் கட்டிங் மேஜைக்குக் கீழே ஒதுக்கிப் போட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அந்த ஆர்டர் கொடுத்த கம்பெனி ஒரு விஷயத்தில் கறார். வெளிநாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும் வரை புது மாடல் வெளியே தெரியக் கூடாது. ஒரு துண்டுத் துணி, ஒரு துண்டுக் காகிதம் வாசலைத் தாண்டக் கூடாது என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்த நோட்டீஸை டைப் அடித்ததே நான்தான். அப்பாவுக்கு வருகிற மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் நான்தான் கிளார்க்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். "உடு கண்ணு, பேப்பர்தானே" என்று முடித்திருப்பார். அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து வாரம் ஒருமுறை வேலையைப் பார்க்க வருகிற மெர்ச்சண்டைசர் அண்ணனுடைய நம்பர் என்னிடம் இருந்தது. பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்தேன். "அண்ணா, இது நம்ம ஸ்டைலுங்களா? எங்க ஸ்கூல் சுவத்துல இருக்குது" என்று அனுப்பினேன். பாருங்கள், எவ்வளவு அப்பாவியான கேள்வி. அவர் அப்பாவைக் கேட்பார், அப்பா அந்த அம்மாவைக் கண்டிப்பார், காகிதம் சுவரைவிட்டு இறங்கும். அதற்கு மேல் எதுவும் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாளுக்குப் பிறகு அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அந்த அண்ணனும், வயதான ஒரு அதிகாரியும் காரில் வந்தார்கள். நான் பள்ளிக்குக் கிளம்பியவள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா அவர்களுக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் உட்காராமல் நின்றார். "இது எப்படிங்க வெளிய போச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தானுங்க குடுத்தேன். செக்கிங்ல இருக்கறவங்க, படிக்கற புள்ளைக்கு எழுத வேணும்னு கேட்டாங்க. வீணாப் போற பேப்பர்தானேன்னு என் கையால எடுத்துக் குடுத்துட்டேனுங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லீங்க. தப்பு என்னுதுங்க."

"உங்களுக்குத் தெரியாதது இல்லீங்க. மேல எங்களைக் கேப்பாங்க. இந்த ஆர்டரை வேற எடத்துக்கு மாத்திக்கறோமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. டீ சாப்பிட்டுப் போங்க."

டீ குடித்துவிட்டுப் போனார்கள். சர்வாதிகாரம் என்றால் மேடையில் கையை ஆட்டிக் கத்துவது என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதையும் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். மத்தியானத்துக்குள் வெட்டி வைத்திருந்த துணியெல்லாம் கட்டுக்கட்டாக வேனில் ஏறிவிட்டது. தைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் எல்லோரும் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்.

"அந்தத் தம்பிக்கு எதுக்கு கண்ணு அனுப்புனே? எங்கிட்டக் கேட்டிருந்தா நான் குடுத்ததுதான்னு சொல்லியிருப்பனே."

நான் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"அந்தப் புள்ளையே வந்துதான் வாங்கிட்டுப் போச்சு. என்ன எழுதப் போறேன்னு கேட்டேன். பிரான்சுல சனங்க ராசாவைத் தொரத்துனதை எல்லாம் நின்னு சொல்லுச்சு. கேக்க நல்லா இருந்துச்சு." படி இறங்கப் போனவர் திரும்பி, "நீ அனுப்புனதை நான் யாருகிட்டயும் சொல்லுலே. நீயும் சொல்லாதே" என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி என்று எழுத ஆசைதான். வரவில்லை. மறுபடியும் பொறாமைதான் வந்தது. இரண்டு வருடமாக என் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அப்பா ஒரு நாள் கேட்டதில்லை. அட்டை கேட்டால் வாங்கிக் கொடுத்தார், அதில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, அது வேறு. அவளிடம் நின்று கேட்டிருக்கிறார். டீச்சரைத்தான் எடுத்துக்கொண்டாள் என்று இருந்தேன், அப்பாவையும் எடுத்துக்கொண்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

காகிதத்தை ஆர்டர் கொடுத்த கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மறுநாள் அப்பாவே பள்ளிக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தார். பசை ஒட்டிய இடத்தில் கிழியாமல் நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தார். எடுக்கும்போதே படித்தார். அவர் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, அதனால் உதடு அசைந்தது. வகுப்பே எழுந்து நின்றது. ஹிரோஷிமா வரை படித்துவிட்டுச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைத் தேடினார்.

"தப்பா நெனச்சுக்காதே கண்ணு" என்றார்.

அவள் "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்க்காமலேயே அப்பா போனார்.

கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவளிடம் இன்னொரு காகிதம் இல்லை, எழுதவும் நேரம் இல்லை. டீச்சர் கதவுக்குப் பின்னால் இருந்த என் சார்ட்டை எடுத்து வெளியே வைத்தார். வெகு நேரம் அதைப் பார்த்தார். "கேள்வி கேப்பாங்க. ஜிகினா பதில் சொல்லாது" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இவளுக்கு நீ சொல்லிக் குடு கண்ணு."

தினமும் மத்தியானம் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எங்கள் யூனிட்டில் வேலை இல்லாததால் அவளுடைய அம்மா அவிநாசிபாளையம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தார். இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் அவளே விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தாள். கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம் இருந்தது.

"எவனோ போட்டோ பிடிச்சு அனுப்பிட்டானாம், பிள்ள. நம்ம கிளாஸுக்கு யாரு வந்தான்னே தெரியல. உங்கப்பா எங்கம்மாவ விட்டே குடுக்கலையாம். நல்ல மனுசன், என்ன?"

"ம்" என்றேன். சொல்லியிருக்கலாம். அந்த ஷெட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சொல்லவில்லை.

சர்வாதிகார ஆட்சிகள் பற்றிய பகுதிக்கு வந்தபோது அவள் நூலகத்தில் படித்த ஒன்றைச் சொன்னாள். "ஜெர்மனியில அந்த உளவுப் போலீசு ஆளுங்க எண்ணிக்கை ரொம்பக் கொஞ்சந்தானாம். இருந்தாலும் ஊரு பூரா அவங்க கண்ணு இருந்த மாதிரி ஆயிட்டு. எப்படின்னா, அக்கம்பக்கத்து சனங்களே போய்ச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எதுக்குன்னு கேட்டா, பயத்துனாலன்னு சொல்லு. டீச்சர் நோட்ஸ்ல அப்படித்தான் இருக்கு."

'பயம்' என்று எழுதிக் கோடு போட்டுக்கொண்டேன்.

கண்காட்சி டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். எங்களுக்குக் கொடுத்த மேஜையில் சார்ட் நிற்கவில்லை, பின்னால் ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். நடுவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். என் லேஸையும் ஜிகினாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். முதல் நான்கு கேள்விக்கு அவள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னேன். அவர் புருவம் உயர்ந்தது. ஐந்தாவதாகக் கேட்டார்: "ஜெர்மனியில பக்கத்து வீட்டுக்காரங்களே போலீஸ்ல போய்ச் சொன்னாங்க. ஏன்?"

"பயங்க சார்."

"பயந்தவன் வாயை மூடிட்டு வீட்டுல இருப்பாம்மா. எந்திரிச்சுப் போய்ச் சொல்றதுக்கு வேற ஒண்ணு வேணும். அது என்ன?"

அவள் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. டீச்சர் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், நான்கு சரியான பதிலே போதும். ஆனால் எனக்குத் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. இரண்டு வருடத்தில் அவளைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பதில் அது. அதை வைத்து ஜெயிக்கவும் ஆசை வந்துவிட்டது.

"பொறாமைங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "யாரு மேல?"

"பக்கத்துல இருக்கறவங்க மேலங்க. அவங்களுக்கு நல்லது நடக்கறதைத் தெனமும் பாக்கறமில்லீங்க. போய்ச் சொல்லும்போது சட்டத்தைக் காப்பாத்தற மாதிரி நெனச்சுக்குவாங்க. சொல்லிட்டு வந்து நல்லாச் சாப்பிடுவாங்க."

"இது பாடப் புத்தகத்துல இல்லையே. எங்கம்மா படிச்சே?"

சார்ட் லேசாக ஆடியது. அதன் மேல் விளிம்புக்கு மேலே அவளுடைய முகம் தெரிந்தது. செக்கிங் மேஜையில் அவளுடைய அம்மா துணியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"படிக்கல சார்" என்றாள். "அவளுக்குத் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். முதல் பரிசு எனக்குக் கிடைத்தது. மேடையில் சான்றிதழை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, சார்ட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போயிருந்தாள்.